பெயர் இல்லாத சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை நீ கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. "பட்டியலில் முதலாவதாக நிற்கிற பெயருக்குத்தான் வாக்கு விழுமாம், உண்மையா சேர்?" என்றாய். பெயர் அச்சாகும் சீட்டில் மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டுதான். அதற்காகவே தஸ்மேனியாவில் 1980 முதல் சீட்டுக்குச் சீட்டு பெயர் வரிசையை மாற்றி அச்சிடுகிறார்கள். ஆனால் அதை அப்படியே இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் பொருத்திப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நம் பாராளுமன்றத் தேர்தல் சீட்டில் வேட்பாளர் பெயரே கிடையாதே! கட்சிப் பெயர், சின்னம், கீழே விருப்பு இலக்கங்கள். பார்க்காமலே பேசுகிறார்கள்.

ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் பெயர் உண்டு. 2015இல் மைத்திரிபால சிறிசேனவோடு ரத்நாயக்க ஆரச்சிகே சிறிசேன என்றொருவர் நின்றார். மகிந்த ராஜபக்சவோடு நாமல் அஜித் ராஜபக்ச நின்றார். அந்த ஆரச்சிகே சிறிசேனவுக்கு 18,174 வாக்கு, நாமல் அஜித்துக்கு 15,726. எல்லாமே தவறி விழுந்தவை என்று நான் சொல்லமாட்டேன். வெற்றி வித்தியாசம் நாலரை இலட்சத்தை ஒட்டியது, ஆகவே முடிவு மாறவில்லை. கேரளத்து ஆலப்புழையில் 2004இல் நடந்தது வேறு. வி.எம். சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார், வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை 8,282 வாக்கு வாங்கியிருந்தார். பெயர் எப்போது கடிக்கும் என்று இதில் பார்த்துக்கொள்.

நம் பக்கம் கடிப்பது இலக்கம். இரத்தினபுரிக்கு 11 ஆசனம், ஒரு கட்சி நிறுத்துவது 14 பேர். கேகாலைக்கு 9, நிறுத்துவது 12. அவர்களுக்குச் சிங்கள அகர வரிசைப்படி விருப்பு இலக்கம் கொடுக்கிறார்கள். லயத்துச் சுவரில் அந்த இலக்கத்தைத்தானே ஒட்டுகிறார்கள்? யட்டியந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் ஆயா ஒருவர், எழுத்துத் தெரியாதவர், பால் கறை படிந்த விரலை மாதிரிச் சீட்டில் வைத்து, "கடைசியிலிருந்து மூணாவது பெட்டி" என்று பத்துத் தடவை எண்ணிப் பழகியதைப் பார்த்தேன். ஓரத்துப் பெட்டியை விரல் தானாகக் கண்டுபிடிக்கும். நடுவில் கிடக்கும் 6, 7, 8தான் தொலைந்துபோகும். இது நான் பல தேர்தல் பார்த்து வைத்திருக்கும் எண்ணம், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1988இல் 14ஆவது திருத்தம் கொடுத்தது மூன்று விருப்பு வாக்கு. நம்மவர்கள் ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் வீணாக்குகிறார்கள், இல்லாவிட்டால் நாலு இலக்கத்தில் புள்ளடி போட்டு விருப்பு வாக்கையே கெடுத்துக்கொள்கிறார்கள். சிறுபான்மையாய் வாழும் மாவட்டத்தில் அந்த இரண்டு புள்ளடிதான் பக்கத்து ஊர்க்காரனோடு நாம் பேசும் பேச்சு. "தமிழ்ப் பெயருக்குச் சிங்களவர் போடமாட்டார்" என்றும் சொல்லாதே. 2024இல் தேசிய மக்கள் சக்தியில் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரியிலிருந்து பாராளுமன்றம் போனார். தோட்டத்து வாக்கை மட்டும் வைத்து அந்த வெற்றியைக் கணக்குப் பார்க்க முடியாது.

அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு கொப்பித் தாளில் பெட்டிகளைக் கீறி எடுத்துக்கொண்டு உன் அம்மாயியிடம் போ. மூன்று புள்ளடியும் அவர் கையாலேயே போட்டுப் பழகட்டும்.

அன்புடன்,
உன் சேர்