நாயின் வயிற்று நோய்

சென்னையின் தென்பகுதியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் பெருங்குடி. மாநகரின் குப்பை பல்லாண்டுகளாக அங்கே மலைபோலக் கொட்டப்பட்டு வந்தது. குப்பை சேருமிடத்தில் உணவு தேடி நாய்கள் கூடுவது இயல்பு. வீட்டில் அருமையாக வளர்க்கப்படும் நாயும், சங்கிலி அவிழ்ந்தவுடன் தெருக்கோடிக் குப்பையையே நாடி ஓடும். ஊசிப்போன சோறு, மீன்முள், வேகவைத்த கோழியெலும்பு ஆகிய எதையும் அது விலக்குவதில்லை.

தகாத உணவை வாந்தியாக வெளியேற்றும் திறன் நாய்க்கு இயற்கை அளித்த காப்பாகும். ஆகவே, வளர்ந்த நாய் ஓரிரு முறை வாந்தியெடுத்தோ இளகலாகக் கழித்தோ, பின்னர் வழக்கம்போல் வாலாட்டித் திரியுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. சில மணி நேரம் உணவை நிறுத்திவிட்டு, குழைய வேகவைத்த சோற்றையும் தோல் நீக்கிய கோழியிறைச்சியையும் உப்பு, மசாலை சேர்க்காமல் சிறிது சிறிதாகக் கொடுத்துவந்தால் வயிறு சீர்ப்படும். தண்ணீரை மட்டும் நிறுத்தலாகாது. குடித்தால் மீண்டும் வாந்தி வருமென்று கருதி, தண்ணீர்க் கிண்ணத்தையே அகற்றிவிடுவோர் உளர். அது பெருந்தவறு, வயிற்றுப்போக்கில் நாயைப் பெரிதும் வாட்டுவது நீர் இழப்பே ஆகும். பிடரித் தோலை மெல்லத் தூக்கிவிட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினாலும், ஈறு ஈரமின்றிப் பசைபோல் ஒட்டினாலும் உடலில் நீர் குறைந்துவிட்டது என அறியலாம்.

குட்டியின் நிலை வேறு. அதன் சிற்றுடல் நீரிழப்பை நெடுநேரம் தாங்காது. மேலும், 1978ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டு, விரைவில் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் வைரஸ் குட்டிகளையே மிகுதியாகத் தாக்குகிறது. ஓயாத வாந்தி, சோர்வு, கடுநாற்றத்துடன் குருதி கலந்த கழிச்சல் ஆகியன அதன் அறிகுறிகள். தடுப்பூசி போடாத குட்டிக்கு இவை தோன்றினால், 'விடியட்டும், பார்ப்போம்' என்றிருத்தல் கூடாது. மருத்துவர் நரம்பின் வழியாக நீரும் உப்பும் செலுத்திப் பிழைக்கவைக்க இயலும். காலந்தாழ்த்தினால் அவ்வாய்ப்புக் குறையும்.

வளர்ந்த நாயாயினும், கழிச்சலில் குருதி காணும்போதும், வாந்தியோ கழிச்சலோ ஒரு நாளைக் கடந்து நீடிக்கும்போதும், நஞ்சுண்டதென ஐயுறும்போதும் மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராத நிலை மிகக் கொடியது. இரைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். இராசபாளையம் நாய் போன்ற ஆழ்ந்த மார்புடைய பெருநாய்களுக்கு இவ்வாபத்து மிகுதி. மனிதருக்குரிய வலிமாத்திரைகளை நாய்க்குத் தாமாகக் கொடுத்தல் வேண்டா. அவற்றுள் சில இரைப்பையைப் புண்ணாக்கும்.

சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையில் நாய்களுக்கும் சிகிச்சை உண்டு. எந்த மருத்துவரும் முதலில் வினவுவன சில: நாய் என்ன உண்டது? எத்தனை முறை கழிந்தது? தடுப்பூசி எப்போது போடப்பட்டது? இவற்றுக்கு விடை கூறக்கூடியவரே நாயுடன் செல்லவேண்டும். பார்வோ கண்ட குட்டி கிடந்த மண்ணில் அவ்வைரஸ் பல மாதங்கள் அழியாதிருக்கும் ஆதலால், தடுப்பூசிகள் முற்றுப்பெறாத வேறு குட்டியை அங்கே விடுதல் ஆகாது.