கணிப்பொறிக்குக் காமா சார்பைக் கற்பித்தல்

காமா சார்பு என்றதும் நாம் ஒரு தொகையீட்டை எழுதிவிடுகிறோம். கணிப்பொறியின் இயற்கணித மென்பொருளுக்கு அச்சார்பைக் கற்பிக்க அது போதுமா என்பதை ஆராய்வோம்.

மாக்சிமா என்னும் இலவச மென்பொருளிடம் பெயர் மட்டும் சூட்டிய ஒரு சார்பின் வகைக்கெழுவைக் கேட்டால், கேள்வியையே விடையாகத் திருப்பித் தரும். பொருளை நாம்தான் விதிகளாகத் தரவேண்டும்.

ஆய்லர் 1730-இல் கோல்டுபாக்குக்கு எழுதிய கடிதத்தில் இச்சார்பைத் தொகையீடாக அளித்தார். மெய்யெண்களில், அ பூச்சியத்தினும் பெரிதாயிருந்தால் மட்டுமே அத்தொகையீட்டுக்கு மதிப்புண்டு. ஆகவே −½ போன்ற எண்களுக்கு மற்றொரு விதி தேவை:

காமா(அ + 1) = அ × காமா(அ)

இதில் அ = −½ எனக் கொள்க. காமா(½) = √பை ஆதலால், காமா(−½) = −2√பை ஆகும். அ = 0 எனில் 1 = 0 × காமா(0) என வரும்; இது இயலாது. எனவே 0, −1, −2 முதலியவற்றில் மதிப்பில்லை என்றும் சொல்லிவைக்க வேண்டும்.

அப்படியாயின் இவ்விதியும் காமா(1) = 1 என்பதும் மட்டுமே போதாவா? போதா. காமா(அ)-ஐ 1 + சைன்(2 × பை × அ) என்பதால் பெருக்கினால் கிடைக்கும் சார்பும் இவ்விரண்டையும் நிறைவு செய்கிறது; ஆனால் அ = ¼ எனும்போது அதன் மதிப்பு இருமடங்காகிவிடுகிறது! ஆகவே தொகையீடும் வேண்டும், விதியும் வேண்டும், விலக்கும் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சூத்திரத்தை நெட்டுருப் போட்டே தேறிவிடலாம் என்போர் பலர். எல்லை அறியாமல் சூத்திரம் மட்டும் அறிந்தவனுக்கும், பெயர் மட்டும் அறிந்த பொறிக்கும் வேறுபாடு என்ன? நண்பர்களே, சிந்திப்போம்.