ஒரே நிரலுக்கு இரண்டு விடைகள்: ஆய்வகத்தில் மெய்நிகர் கணினி

12ஆம் வகுப்பு செய்முறைப் பயிற்சியில், இரண்டு மதிப்பெண்களின் சராசரி காணும் நிரலைப் பைத்தானில் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி 7, 8 என்று உள்ளிட்டாள். திரையில் 7 என்று வந்தது. 7.5 வரவேண்டும் என்பதால் மதிப்பெண்ணைக் குறைத்தேன். "நேற்று அந்தக் கணினியில் சரியா வந்துச்சு சார்" என்றாள். அவள் காட்டிய கணினியில் அதே நிரலை இயக்கினேன். 7.5 வந்தது.

பிழை அவளுடையதன்று. முதல் கணினியில் இருந்தது பைத்தான் 2. இரண்டு முழு எண்களை வகுக்கும்போது அது பின்னப் பகுதியை விட்டுவிடும். பைத்தான் 3 விடாது. மதிப்பெண்ணைத் திருத்தி, அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

எல்லாக் கணினிகளிலும் பைத்தான் 3 நிறுவினேன். ஆனால், பல வகுப்பினர் பயன்படுத்தும் ஆய்வகத்தில் அமைப்புகள் மீண்டும் மாறின. அதன்பின் மெய்நிகர் கணினிக்கு மாறினேன். இது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. இதற்குத் தனி இயக்க அமைப்பு உண்டு. வெளியே எந்த விண்டோஸ் இருந்தாலும் உள்ளே எல்லோருக்கும் ஒன்றே.

நான் செய்த முறை:

1. பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதியை இயக்கினேன்.

2. கட்டணமில்லாத விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, அதற்குள் லுபுண்டு, பைத்தான் 3 ஆகியவற்றை அமைத்தேன். கணினியின் நினைவகத்தில் பாதிக்கு மேல் ஒதுக்கவில்லை.

3. செய்முறைப் பயிற்சிகள் அனைத்தையும் அதில் நானே இயக்கிப் பார்த்தேன்.

4. அதை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, பென்டிரைவ் மூலம் மற்ற கணினிகளில் இறக்குமதி செய்தேன். கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 பென்டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவில் மாற்றிக்கொள்ளவும்.

5. ஒவ்வொன்றிலும் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்தேன். ஏதேனும் கெட்டால் அந்நிலைக்கு மீட்டுவிடலாம். மீட்டால் உள்ளே சேமித்தவை அழிந்துவிடும் என்பதால், மாணவர் கோப்புகளை முதலில் வெளியே நகலெடுக்க வேண்டும்.

2 ஜிபி நினைவகமே உள்ள கணினிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றில் பயிற்சிக்கு முன் பைத்தான் பதிப்பையாவது சரிபார்த்துக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். தமிழ்த் தட்டச்சு, ஸ்கிராட்ச் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் மெய்நிகர் கணினி உதவும்.

இப்போது ஒரு விடை தவறாக வந்தால், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அதே நிரலை இன்னொரு கணினியிலும் இயக்கிப் பார்க்கிறேன்.