வைப்பின் தீவு: ஆறும் கடலும் அளித்த செல்வம்

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்கே முனம்பம் முதல் தெற்கே கொச்சித் துறைமுக வாயில் வரை, சுமார் 25 கிலோ மீட்டர் நீளத்திற்கு அமைந்துள்ளது வைப்பின் தீவு. மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல். கடலலைகளைத் தாங்கி, உள்நாட்டு நீர்நிலைகளைக் காக்கும் இயற்கை அரண் இத்தீவு.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டதாகவும், கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சி முகத்துவாரம் ஆழமுற்றதாகவும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. சங்கப் புலவர்கள் பாடிய முசிறி இக்கொடுங்கல்லூரை ஒட்டியே இருந்ததென்பர். வெள்ளம் கொணர்ந்த மண் படிந்து வைப்பின் உருவாயிற்று என்பதும் அம்மரபே. அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்றோர் ஆண்டுக் கணக்கும் வழங்கியது.

கடல் வாணிகம் கொச்சிக்கு மாறியதும் அயல்நாட்டாரும் வந்தனர். தீவின் வடகோடியிலுள்ள பள்ளிப்புரத்தில் போர்ச்சுகீசியர் எழுப்பிய அறுகோணக் கோட்டை, இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழமையான ஐரோப்பியக் கட்டடங்களுள் ஒன்றாகும். 1661இல் அது டச்சுக்காரர் வசமாயிற்று. 1789இல் திருவிதாங்கூர் அதனை விலைக்கு வாங்கியது.

கோட்டையினும் சிறந்த மரபுச் செல்வம் பொக்காளி வேளாண்மையாகும். தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவிய பின், வயலில் அமைத்த மண்மேடுகளில் நெல் விதைக்கப்படுகிறது. உரமோ பூச்சிமருந்தோ இடுவதில்லை. அறுவடையில் கதிர்கள் மட்டுமே கொய்யப்படும். மழை ஓய்ந்து உப்புநீர் ஏறியதும் அதே வயல் இறால் பண்ணையாகிறது. மட்கும் தாள் இறாலுக்கு இரையை வளர்க்கிறது. இறாலின் கழிவு அடுத்த நெற்பயிருக்கு எருவாகிறது. 2008இல் பொக்காளி அரிசி புவிசார் குறியீடு பெற்றது.

ஆயினும் சாகுபடிப் பரப்பு குறைந்து வருகிறது. சேற்றில் இறங்கி அறுவடை செய்ய ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இறால் தரும் வருவாயை நெல் தருவதில்லை. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் தீவை எர்ணாகுளம் நகருடன் இணைத்தன. போக்குவரத்து எளிதாயிற்று, நிலத்தின் தேவையும் பெருகிற்று. மேற்குக் கரையிலோ கடலரிப்பு தொடர்கிறது.

கோட்டையைக் காக்கக் காவலர் போதும். பொக்காளி வயலைக் காக்க உழவருக்குக் கட்டுபடியாகும் விலையும், சேற்றுநிலத்திற்கேற்ற அறுவடைக் கருவிகளும் வேண்டும். அவை கிட்டினால்தான் ஆறும் கடலும் அளித்த இம்மரபு நிலைக்கும்.