கரடி பொம்மை வைரஸ்: ஒரு டெஸ்டிங் பாடம்

நண்பர்களே, இது சிலபஸில் இல்லாத பாடம். ஆனால் உங்கள் லேப்டாப்புக்குத் தேவையான பாடம்.

2002-ல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. அதன் சாரம் இதுதான்: உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கலாம். ஆன்டிவைரஸ் அதைக் கண்டுபிடிக்காது. 14 நாள் சும்மா இருந்துவிட்டு வேலையைக் காட்டும். 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்' என்ற ஃபைலைத் தேடுங்கள், ஐகான் ஒரு கரடி பொம்மை. இருந்தால் உடனே அழித்துவிட்டு, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள். (பெயருக்குள் எம்.ஜி.ஆர். இருப்பது தற்செயல்தான்!)

பலர் தேடினார்கள். அட, கரடி இருக்கே! டெலீட். ஃபார்வர்ட்.

உண்மையில் அது விண்டோஸோடு வந்த ஃபைல். ஜாவா டீபக்கிங்குக்காக மைக்ரோசாஃப்டே வைத்தது. ஃபைலை அழிப்பது, அடுத்தவருக்குப் பரவுவது என்று வைரஸ் பண்ணுகிற ரெண்டு வேலையையும் இங்கே மனுஷங்களே பண்ணிவிட்டார்கள். புரளியைக் கிளப்பியவருக்கு ஒரு வரி கோடுகூடத் தேவைப்படவில்லை.

ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் செக் பண்ணித்தான் பார்த்தார்கள். கோளாறு அந்த செக்கில். வைரஸ் இருக்கிற கம்ப்யூட்டரிலும் "ஃபைல் இருக்கு", இல்லாத கம்ப்யூட்டரிலும் "ஃபைல் இருக்கு". எழுதின எல்லோருக்கும் பாஸ் போடுகிற எக்ஸாமை வைத்து யார் படித்தார்கள் என்று சொல்ல முடியுமா?

இதையே கசிவுச் செய்திக்கும் போட்டுப் பாருங்கள். 2004 பிப்ரவரியில் விண்டோஸ் 2000, விண்டோஸ் என்டி 4.0 சோர்ஸ் கோடின் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தது. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. "சோர்ஸ் போச்சு, விண்டோஸ் காலி" என்று கலாய்ப்பது ஈஸி. ஆனால் எந்த வெர்ஷனில், எந்த இடத்தில் ஓட்டை? சில நாளிலேயே அந்தக் கோடைப் படித்த ஒருவர் காட்டினார்: பிஎம்பி படங்களைக் கையாளும் பகுதியில் இன்டிஜர் ஓவர்ஃப்ளோ. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல் அந்த ஓட்டை இருந்தது, 6-ல் இல்லை. ஓட்டை உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக் காட்டியது பாருங்கள், அதுதான் டெஸ்ட்.

அப்போ வருகிற எச்சரிக்கை எல்லாமே டூப்பா? அப்படியும் இருந்துவிடாதீர்கள். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010 என்ற பேட்ச் வெளியிட்டது. ஏப்ரலில் அதே ஓட்டையை உடைக்கும் 'எடர்னல்புளூ' கசிந்தது. மே 12 அன்று அதை வைத்து வானாக்ரை பரவி, பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள்கூட ரத்தாகின. பேட்ச் கையில் வந்து கிட்டத்தட்ட ரெண்டு மாதம் ஆகியிருந்தது! அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பேட்ச் போட்டாச்சா? ஆளுக்கு ஆள் பதில் மாறும். அதனால்தான் அது நல்ல கேள்வி.

எனவே அடுத்த முறை "இந்த ஃபைல் இருந்தா ஆபத்து" என்று மெசேஜ் வந்தால், புதிதாக ஓஎஸ் போட்ட ஒரு லேப் சிஸ்டத்திலும் அதே ஃபைலைத் தேடிப் பாருங்கள். அங்கேயும் இருக்கிறதா? கரடியை விட்டுவிடுங்கள், பாவம். மெசேஜை டெலீட் பண்ணுங்கள்.