சில்லறையும் நாணயமும்

நுழையும்முன்

பொருளாதாரம் என்றதும் பெருந்தொகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், எளிய மக்களின் அன்றாட வாழ்வு ஒரு ரூபாயிலும் ஐந்து ரூபாயிலும்தான் நடைபெறுகிறது. சிறு மதிப்புத் தாள்களை நீக்கி அவற்றின் இடத்தில் நாணயங்களைக் கொணர்ந்தபோது நம் நாட்டில் நேர்ந்த சில்லறைத் தட்டுப்பாட்டையும் அது உணர்த்தும் பாடத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திருவிழாக் கடைவீதியில்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையில் அமைந்த ஊர் வீரபாண்டி. இங்குள்ள கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திங்களில் நடைபெறும் பெருந்திருவிழாவுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்கின்றனர். அக்கினிச்சட்டி ஏந்துவோரின் வரிசை ஒருபுறம் செல்ல, மறுபுறம் வளையல் கடை, பொரிகடலைக் கடை, ராட்டினம் எனக் கடைவீதி நீள்கிறது.

அங்கே பூ விற்கும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். ஒரு முழம் பூவின் விலை 15 ரூபாய். வாங்குபவர் 20 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். திருப்பித் தர 5 ரூபாய் இல்லை. பூவைத் தராவிட்டால் விற்பனை கெடும். 5 ரூபாயை விட்டுக்கொடுத்தால் அந்த முழத்தில் கிடைக்கும் ஊதியமே போய்விடும். பெரிய வணிகருக்குச் சில்லறையின்மை ஒரு சிறு தொல்லை. பூக்காரருக்கோ அது அன்றைய வருவாயின் கேள்வி.

வழிபாட்டிலும் வாழ்வியலிலும்கூடச் சிறு நாணயத்திற்கு இடமுண்டு. வேண்டுதல் வைப்போர் மஞ்சள் துணியில் காசு முடிகின்றனர். மொய் எழுதுவோர் 101, 501 என ஒரு ரூபாய் கூட்டியே எழுதுகின்றனர். இவ்வளவு தேவைப்படும் சிறு பணம் சில காலங்களில் கிடைக்காமற்போனது ஏன்?

வெள்ளி குறைந்தது, தாள் வந்தது

முதல் உலகப்போருக்கு முன்பு, ரூபாய் என்பது வெள்ளி நாணயம். போர்க்காலத்தில் வெள்ளியின் விலை ஏறியது. நாணயத்தின் முகமதிப்பைவிட அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு மிகும் நிலை வந்ததும் மக்கள் நாணயத்தைப் பதுக்கவும் உருக்கவும் தலைப்பட்டனர். நாணயம் அடிக்கப் போதிய வெள்ளியும் அரசிடம் இல்லை. எனவே, 1917 நவம்பர் 30 அன்று முதன்முதலாக ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்வழி ஏறத்தாழ 20 கோடி அவுன்சு வெள்ளி இந்தியாவின் தேவைக்காக விற்கப்பட்டது.

1926இல் நிறுத்தப்பட்ட ஒரு ரூபாய்த் தாள், இரண்டாம் உலகப்போரின்போது 1940இல் மீண்டும் வந்தது. தேவைக்கு மிஞ்சி நாணயங்களைச் சேர்த்துவைப்பது குற்றம் என்றும் அவ்வாண்டில் அரசு ஆணையிட்டது. ரூபாய் நாணயத்திலிருந்த வெள்ளியின் அளவும் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1943இல் உலோகத்தைச் சிக்கனப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா வெளிவந்தது. 'ஓட்டைக் காலணா' என்னும் வழக்கு இன்றும் நம் பேச்சில் வாழ்கிறது.

தாள் சென்றது, நாணயம் போதவில்லை

1990களில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. சிறு மதிப்புத் தாள்கள் ஒரே நாளில் பல கை மாறுகின்றன. வியர்வையும் ஈரமும் பட்டு, மடிந்து, கிழிந்து விரைவில் அழிகின்றன. நாணயமோ பல்லாண்டுகள் உழைக்கிறது. ஆகவே, அச்சிடும் செலவைக் குறைக்கவும் அச்சகங்களின் திறனைப் பெருமதிப்புத் தாள்களுக்குத் திருப்பவும் அரசு முடிவு செய்தது. 1994 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாளும், 1995 பிப்ரவரியில் இரண்டு ரூபாய்த் தாளும், அதே ஆண்டு நவம்பரில் ஐந்து ரூபாய்த் தாளும் அச்சிடப்படுவது நின்றது. முன்பே வெளிவந்த தாள்கள் தொடர்ந்து செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது.

கணக்களவில் இம்முடிவு சரியே. ஆனால், தாள்கள் தேய்ந்து மறைந்த வேகத்திற்கு நாணயங்கள் வந்துசேரவில்லை. பேருந்தில் நடத்துநர் மீதித் தொகையைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொடுத்தார். இறங்கும் அவசரத்தில் பலர் அதனை மறந்தனர். மளிகைக் கடையில் மீதிக்கு மாற்றாக மிட்டாய் தரப்பட்டது. கடைக்காரர் மிட்டாயைக் காசாகத் தரலாம். ஆனால், அதே மிட்டாயைக் காசாகத் திருப்பிக் கொடுத்தால் அவர் ஏற்பாரா? சில்லறைத் தட்டுப்பாட்டின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதற்கு இவ்வினாவே விடையாகிறது.

இறுதியில், நாணயங்களின் தேவைக்கும் வரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப, ஐந்து ரூபாய்த் தாள் 2001இல் மீண்டும் வெளியிடப்பட்டது. ஒரு ரூபாய்த் தாளும் 2015 மார்ச்சில் திரும்பவந்தது.

தெரிந்து தெளிவோம்

• நாணயங்களை அடிப்பது நடுவண் அரசு. அவற்றை மக்களிடம் கொண்டுசேர்ப்பது இந்திய ரிசர்வ் வங்கி. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச்சாலைகள் உள்ளன.
• ஒரு ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இராது. நிதித்துறைச் செயலாளரே கையொப்பமிடுவார்.
• நாணயச்சாலைக்குரிய பழந்தமிழ்ச் சொல் அக்கசாலை. பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கைக்கு அருகே அப்பெயரில் ஓர் ஊர் உள்ளது.

நாணயம் எங்கே சென்றது?

நாணயச்சாலைகள் ஓய்ந்திருக்கவில்லை. இருந்தும் நாணயம் ஏன் கிடைக்கவில்லை? நாணயத்தின் இயல்பிலேயே இதற்கான காரணம் உள்ளது. தாள் சட்டைப்பையில் தங்கிப் பிறகு வங்கிக்குத் திரும்புகிறது. நாணயமோ எடை மிக்கது. 1992இல் வந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 9 கிராம். ஆயிரம் நாணயங்கள் 9 கிலோகிராம். எண்ணுவதும் சுமப்பதும் கடினமாதலால், வந்த நாணயம் வீட்டு உண்டியலிலும் மேசை இழுப்பறையிலும் உறங்கிவிடுகிறது.

உலோகத்தின் விலையும் ஒரு காரணம். நாணயங்களை உருக்கிச் சவரக் கத்தி அலகுகள் செய்வதற்காக எல்லை கடத்துகின்றனர் என்று 2007இல் கிழக்கிந்தியாவிலிருந்து செய்திகள் வந்தன. 1917இல் வெள்ளிக்கு நேர்ந்தது, 90 ஆண்டுகளுக்குப்பின் எஃகிற்கும் நேர்ந்தது.

இவற்றோடு அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 'நாளை சில்லறை கிடைக்காது' என்று எண்ணும் வணிகர், இன்று கையிலுள்ளதை ஒளித்துவைக்கிறார். ஒவ்வொருவரும் ஒளித்துவைக்க, இல்லாத தட்டுப்பாடும் உண்மையாகவே வந்துவிடுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1970களில் இத்தாலியில் சிறு நாணயங்கள் அரிதாயின. அங்கும் கடைக்காரர்கள் மீதிக்கு மிட்டாயையும் தொலைபேசி வில்லைகளையும் தந்தனர். 1975ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அந்நாட்டு வங்கிகள் 'சிறு காசோலைகள்' என்னும் தாள்களை அச்சிட்டு வெளியிட்டன. அரசு போதிய நாணயங்களை வெளியிடும்வரை மக்கள் அவற்றையே சில்லறையாகப் பயன்படுத்தினர்.

செல்லும் காசும் செல்லாக் காசும்

போதிய நாணயம் இருந்தும் சில்லறை இல்லாமற்போவதுண்டு. 2009இல் புழக்கத்திற்கு வந்த 10 ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்க மறுத்தனர். வெவ்வேறு வடிவமைப்புகளில் அந்நாணயம் வெளிவந்ததாலும், சிலவற்றில் ரூபாய்க் குறியீடு இருந்து சிலவற்றில் இல்லாததாலும் 'போலி நாணயம்' என்னும் வதந்தி பரவியது. ரூபாய்க் குறியீடு ஏற்கப்பட்டது 2010இல்தான். அதற்கு முன் அடிக்கப்பட்ட நாணயங்களில் அது இராமை இயல்பே. அதுவரை வெளியான 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கியது.

சட்டம் செல்லும் என்கிறது. அங்காடி செல்லாது என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே சிக்குண்டவர், நாள் முழுதும் உழைத்து 10 ரூபாய் நாணயங்களாகக் கூலி பெற்றவரே. அவர் கையிலுள்ள நாணயம் தேயவில்லை, உடையவில்லை. பிறர் அதன்மேல் வைத்த நம்பிக்கைதான் தேய்ந்தது.

இன்று திருவிழாக் கடைகளிலும் கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் அட்டைகள் தொங்குகின்றன. 15 ரூபாய்க்குச் சரியாக 15 ரூபாயே செலுத்த முடிவதால் சில்லறைச் சிக்கல் பெரிதும் குறைந்துள்ளது. எனினும், கைப்பேசி இல்லாத முதியவருக்கும் ராட்டினம் ஏறக் காசு கேட்கும் குழந்தைக்கும் நாணயம் இன்றும் தேவைப்படுகிறது.

பழையதை நீக்குமுன் புதியது போதிய அளவில் மக்களின் கையில் சேர்ந்துள்ளதா என்று காண்பது அரசின் கடமை. வந்த நாணயத்தை முடக்காமலும் ஐயமின்றியும் கைமாற்றுவது குடிமக்களின் கடமை. தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒன்றையொன்று நம்பும்போதுதான், பூக்காரரின் சுருக்குப்பையிலுள்ள ஐந்து ரூபாய் முழு ஐந்து ரூபாயாக இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. ஓட்டைக் காலணா, செல்லாக் காசு, சல்லிக்காசு போன்று காசு தொடர்பாக உங்கள் ஊரில் வழங்கும் சொற்களையும் பழமொழிகளையும் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.
2. உங்கள் ஊரிலுள்ள சிறு வணிகர் ஒருவரிடம் சில்லறைத் தட்டுப்பாட்டை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்று கேட்டறிந்து, நேர்காணலாக எழுதுக.
3. 'சிறு மதிப்புப் பணத்திற்கு ஏற்றது தாளா? நாணயமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.