மருந்துக்கு எட்டாத கிருமிகள்

சென்ற ஆண்டு என் தாத்தாவுக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தார்கள். காய்ச்சல் வந்தது, ஊசி போட்டதும் நின்றது, சில நாளில் மீண்டும் வந்தது. “மருந்து சரியானதுதான் தம்பி. குழாயின் உட்புறம் படிந்த கிருமிகள் அதற்கு எட்டவில்லை. குழாயையே மாற்ற வேண்டும்” என்றார் மருத்துவர். மருந்துக்கு எட்டாத கிருமியும் உண்டா? இவ்வினாவே என்னை நம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பியது.

விடுதித் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், விரல் வழுக்கும். அந்த வழவழப்பே உயிர்ப்படலம். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி, சர்க்கரைப் பொருள்கள், புரதங்கள், டி.என்.ஏ. ஆகியவற்றாலான பசையைச் சுரந்து அதனுள் கூட்டமாக வாழ்கின்றன. டச்சு நாட்டு லீவன்ஹூக் 1683-ல் தம் பல் அழுக்கில் இக்கூட்டத்தைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வினிகரால் பல்லைக் கழுவியும், அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவையே மடிந்தன என்று அவர் முடிவு செய்தார். தாத்தாவின் குழாயில் நடந்ததும் அதுவே!

பசை மருந்தைத் தடுப்பது ஒரு காரணம். அடியில் உணவும் ஆக்சிஜனும் குறைவதால் பாக்டீரியாக்கள் வளராமல் ஒடுங்கிக் கிடப்பது மற்றொன்று. வளரும் உயிரணுவைத் தாக்கும் மருந்து, உறங்கும் உயிரணுவை என்ன செய்யும்?

ஆயினும் இக்கோட்டை நிலையானதன்று. உணவு குறைந்தால் வேறிடம் செல்வதற்காகப் பாக்டீரியாக்களே தம் பசையைக் கரைக்கின்றன. கரைக்கும் அப்பொருள்களையே அறிஞர்கள் தேடினர். ஈறு நோய் தரும் ஒரு பாக்டீரியாவின் டிஸ்பெர்சின்-பி என்னும் நொதி பற்றி 2003-ல் அறிவித்தனர். அது ஸ்டெஃபிலோகாக்கஸ் இனத்தின் சர்க்கரைப் பசையையும் வெட்டுகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா சுரக்கும் ஒரு கொழுப்பு அமிலம், ‘கலைந்து செல்க’ என்னும் கட்டளைபோல் வேலை செய்வது 2009-ல் வெளியாயிற்று. பிற இனப் பாக்டீரியாக்களும், ஏன், கேண்டிடா பூஞ்சையும்கூட அக்கட்டளைக்குப் பணிந்தன.

ஒன்றை மறத்தலாகாது. கலைப்பது கொல்வதன்று. கலைந்த கிருமி குருதியில் புகுந்து வேறிடத்தில் குடியேறலாம். எனவே கலைக்கும் பொருளும் கொல்லும் மருந்தும் சேர்ந்தே செல்ல வேண்டும். ஆய்வகத்தில் வென்றவை நோயாளியின் உடலிலும் தீங்கின்றி வெல்லுமா என்பதே எஞ்சியுள்ள பெரிய சோதனை.

குழாயை மாற்றியதும் தாத்தா தேறினார். ஆனால் அதனை அடிக்கடி மாற்ற வேண்டியுள்ளது. ஒவ்வொரு முறையும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வதைக் காண்கிறேன். அச்சோதனையில் விரைவில் வெற்றி கிட்ட வேண்டும் என்று நான் விரும்புவது தேர்வுக்காக அன்று.